இரண்டு முறை திறந்த தண்ணீர்த் தொட்டி

என் முதல் பத்திரிகை விசிறி வடிவத்தில் வெளிவந்தது.

அப்பாவுக்கு ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஷிஃப்ட் வேலை. நூல் சுற்றும் அட்டைக் கோன்களில் நசுங்கியவை, ஓரம் கிழிந்தவை, யாருக்கும் ஆகாதவை என்று நாலைந்தைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். அம்மாவுக்கு அது அடுப்புப் பற்றவைக்க. எனக்கு அது காகிதம். கோனை நீளவாக்கில் கத்தரித்து விரித்தால் விசிறி மாதிரி ஒரு தடித்த தாள் கிடைக்கும். அதில் நேராக எழுதினால் வரி விளிம்பில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். அதனால் வளைத்து எழுதினேன். வளைந்த வரியைப் படிக்கிறவர்கள் தலையை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குச் சாய்த்துக்கொண்டே போக வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் தெருக் குழாயடிக்கு வந்த பெண்கள் எல்லோரும் காலையில் ஒரு தடவை தலையாட்டிவிட்டுப் போனார்கள் என்றால் காரணம், அங்கே கம்பத்தில் கட்டியிருந்த என் பத்திரிகைதான்.

செய்திக்கு ஒரு நாளும் குறைவில்லை. மூன்றாம் வீட்டு ஆடு ஐந்தாம் வீட்டு வடகத்தைத் தின்றது. நான் எழுதினேன்: ‘நேற்று மாலை மூன்றாம் வீட்டு ஆடு, வாசல் கட்டிலில் காய்ந்துகொண்டிருந்த வடகத்தை உண்டது. ஆட்டின் தரப்பில் விளக்கம் எதுவும் தரப்படவில்லை.’ ரேடியோச் செய்தியைக் கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொண்ட நடை அது.

அன்று காலையே ஆட்டுக்கார வீட்டு அத்தை எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். அவர்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு. கோபம் மட்டும் தமிழில் வரும்.

“ஏட்டி, என் ஆடு தின்னத நீ பாத்தியா?”

“பாத்தேன் அத்தை.”

“எங்கன இருந்து பாத்த?”

“கொய்யா மரத்துல இருந்து. கடைசி வடகம் உள்ள போகும்போது அதுவும் என்னைப் பாத்துச்சு.”

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு சண்டையைத் தொடர முடியாமல், “அதென்னமோ தரப்புன்னு போட்டிருக்கியே, அப்பிடின்னா என்னட்டி?” என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனார். எனக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. நாலு வரி ஒரு மனுஷியை வாசல்வரை இழுத்து வந்திருக்கிறது, அதில் ஒரே ஒரு சொல் அவரைச் சண்டையை விட்டுவிட்டு அர்த்தம் கேட்கவைத்திருக்கிறது. பத்து வயதுக்கு இதற்கு மேல் என்ன அதிகாரம் வேண்டும்?

அதன் பிறகு கை நிற்கவில்லை. மில் சங்கு ஊதினால் எழுத வேண்டும். வேலை முடிந்து சைக்கிளில் போகிறவர் முதுகில் பஞ்சு ஒட்டியிருந்தால், அது எந்தத் தெருமுனையில் உதிரும் என்று எழுத வேண்டும். ஐப்பசியில் மேகம் இறங்கி மேற்கு மலை மொத்தமாக மறைந்துபோன ஒரு நாளில், ‘மலையைக் காணவில்லை. கண்டவர்கள் குழாயடியில் தெரிவிக்கவும்’ என்று எழுதிக் கட்டினேன். மூன்று பேர் வந்து தெரிவித்தார்கள். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம், பஸ் டிக்கெட்டின் முதுகு, உள்ளங்கை, முழங்கால் என்று எங்கெல்லாம் இடம் கிடைத்ததோ அங்கெல்லாம் எழுதினேன். முழங்காலில் எழுதியதைக் குளிப்பாட்டும்போது பார்த்த அம்மா, “இதுல கதை எழுது, மார்க் ஷீட்டுல முட்டை வாங்கு” என்று தேய்த்துக் கழுவினார்.

முட்டை வாங்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில் போய்வந்து ப்ளஸ் டூ முடித்தேன், கல்லூரி முடித்தேன், தட்டச்சும் முடித்தேன். பஸ் அந்த ஊருக்குள் திரும்பும்போதே பால் சுண்டும் வாசனை ஜன்னலில் ஏறும். கோர்ட்டுக்குப் போகிறவர்கள் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு தங்கள் வழக்கைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் முதலில் வாதாடிப் பார்ப்பார்கள். நான் கேட்டுக்கொண்டே வருவேன். தீர்ப்பு தெரியாமல் இறங்க மனசே வராது.

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் ஒரு பேப்பர் கடை இருந்தது. மதுரையில் அச்சாகும் ஒரு நாளிதழுக்குக் கடைக்காரர்தான் ஏஜென்ட். ஏஜென்டாக இருப்பவரே நிருபராகவும் இருப்பது அந்தக் காலத்து வழக்கம். ஆனால் அண்ணாச்சிக்குப் பேப்பர் எண்ண வரும், கட்டுக் கட்ட வரும், எழுத மட்டும் வராது. பேனா மூடியைக் கழற்றினாலே வியர்த்துவிடும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், வேலை தேடும் பக்கத்தைப் பார்க்க அங்கே போன என்னை அவர் பிடித்துக்கொண்டார்.

“ஏ தாயி, அந்த வடகப் பிள்ளைதான நீ?”

“ஆமா அண்ணாச்சி.”

“இங்கன உக்காரு. இந்தப் பத்திரிகைய பாத்து ஒரு நியூஸ் எழுதிக் குடு. நான் செத்த நேரம் மூச்சு விட்டுக்கிடுதேன்.”

அவர் நீட்டியது ஒரு பள்ளி ஆண்டுவிழா அழைப்பிதழ். விழா அன்றைக்குச் சாயங்காலம்தான். அப்போது மணி பகல் பன்னிரண்டு.

“இன்னும் நடக்கவே இல்லையே அண்ணாச்சி?”

“நடந்த பொறவு எழுதுனா ஒண்ணரை பஸ்ஸுக்கு எப்படி ஏத்துறது?”

அந்த ஒன்றரை மணி பஸ்தான் எங்கள் ஊர்ச் செய்திகளின் வாகனம். எழுதிய தாள்களைப் பழுப்பு உறையில் போட்டு, மேலே ‘செய்தி, அவசரம்’ என்று எழுதி, கண்டக்டர் கையில் கொடுத்துவிட வேண்டும். மதுரை பஸ் ஸ்டாண்டில் பேப்பர் ஆபீஸ் ஆள் வந்து வாங்கிக்கொள்வார். சாயங்காலத்துக்குள் அங்கே போய்ச் சேர்ந்தால் மறுநாள் மாவட்டப் பக்கத்தில் வரும். விழாக்களோ எல்லாம் சாயங்காலம் நடப்பவை. ஆகவே ஊர் ஊராக நிருபர்கள் பகலில் அழைப்பிதழை வைத்துக்கொண்டு, நடக்கப்போவதை நடந்ததாக எழுதி அனுப்பிவிடுவார்கள். ஒருவருக்கும் இதில் வருத்தமில்லை. அழைப்பிதழில் என்ன இருந்ததோ அது நடந்தது. நடந்தது என்பதற்குச் சாட்சி மறுநாள் பேப்பர்.

எனக்கு அது பிடித்துப்போயிற்று என்பதை மறைக்கமாட்டேன். தலைமை தாங்கினார், முன்னிலை வகித்தார், வரவேற்றுப் பேசினார், குத்துவிளக்கு ஏற்றினார், பரிசுகள் வழங்கினார், நன்றி கூறினார். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், தறி ஓடுகிற மாதிரி ஒரு தாளம் இருக்கும். பந்தலில் உட்காராமல், கொசுக்கடி படாமல், மைக் கீச்சிடும் சத்தம் கேட்காமல், ஒரு நாளைக்கு மூன்று விழாக்களை நடத்தி முடித்தேன். யாருக்கு எந்த வினைச்சொல் பொருந்தும் என்பதில் கொஞ்சம் விளையாடவும் செய்தேன். ஒரு நன்கொடையாளருக்கு ‘நெகிழ்ந்து பேசினார்’ என்று போட்டேன். மறுநாள் அவர் கடைக்கே வந்து, “நான் நெகிழ்ந்தது ஒமக்கு எப்படித் தெரிஞ்சது?” என்று அண்ணாச்சியிடம் நெகிழ்ந்து நின்றாராம்.

ஆறு மாதம் இப்படிப் போனது. அப்புறம் மதுரையிலிருந்து ஒரு கடிதம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டுக்கும் சேர்த்துத் தனி நிருபர் போடப்போகிறார்கள், தகுந்த ஆள் இருந்தால் அவர் பெயரில் ஒரு மாதம் செய்தி அனுப்பட்டும், பார்த்து முடிவு செய்கிறோம். அண்ணாச்சி என் பெயரைக் கொடுத்துவிட்டார்.

அப்பாவிடம் சொன்னேன். மில்லில் வருகைக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீஸில் தட்டச்சுக்கு ஆள் கேட்டிருக்கிறார்கள் என்று அவர் ஏற்கெனவே எனக்காகப் பேசி வைத்திருந்தார்.

“பேப்பர்ல பொம்பளப் பிள்ளை என்ன செய்யும்? கூட்டத்துக்குள்ள போய் நிக்குமா?”

“கூட்டத்துக்கே போக வேண்டாம்பா. பத்திரிகைய பாத்து எழுதுறதுதான்.”

அப்பாவுக்கு அது நிம்மதியாக இருந்தது. “சரி. ஒரு மாசம். அவங்க கூப்பிடலைன்னா ஒண்ணாந்தேதி மில்லுக்கு வந்துரணும். மேனேஜருக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கேன்.”

அந்த ஒரு மாதத்தை நான் வெல்லப்பாகு போலக் காய்ச்சினேன். ஒரு நாள் விடாமல் உறை போனது. இருபத்தொரு செய்தி அனுப்பி இருபத்தொன்றும் அச்சில் வந்தது. இருபத்திரண்டாவது, சேத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரில் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டித் திறப்பு. சிறப்பு விருந்தினராக ஒரு பெரிய மனிதர் மாலை நான்கு மணிக்கு வருகிறார். பகல் பன்னிரண்டுக்கே அவரை நான் வரவழைத்துவிட்டேன். ‘பொதுமக்களின் கரவொலிக்கிடையே தண்ணீரைத் திறந்து வைத்தார்’ என்று முடித்து, உறையை ஒட்டி, ஒன்றரை பஸ்ஸில் ஏற்றினேன்.

பஸ் போன பிறகு எனக்கு வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை. பங்குனி வெயிலுக்கு இதமாக ஒரு காற்று வீசியது. நான் எழுதிய விழா ஒன்றையாவது கண்ணால் பார்த்தால் என்ன என்று ஒரு துறுதுறுப்பு. அவ்வளவுதான். கடமையுமில்லை, மனசாட்சியுமில்லை. சேத்தூர் பஸ் எதிரில் நின்றது, ஏறிவிட்டேன்.

சேத்தூரில் இறங்கி நடந்து போய்ச் சேர்ந்தபோது மூன்றரை மணி. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த தொட்டி, காலடியில் ஆறு குழாய்கள், அவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு பெரிய வால்வு. அதன் கைப்பிடியில் சிவப்பு ரிப்பன். எதிரே பந்தல். பந்தலில் விருந்தினர்களுக்குப் போட்ட நாற்காலிகளில் ஒருவருமில்லை. வெயிலில் நாற்பது பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நின்றன, சிவப்பு, பச்சை, நீலம். குடத்துக்குச் சொந்தக்காரப் பெண்கள் தொட்டியின் நிழலில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அதுநாள் வரை அவர்களுக்குத் தண்ணீர் ஒரு மைல் தள்ளித் தோட்டத்துக் கிணற்றில்தான்.

நான்கு ஆயிற்று. ஐந்து ஆயிற்று. மைக்செட் ஒரே கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பாடியது.

ஒரு அக்கா எழுந்தார். நாற்பது வயதிருக்கும். சேலைக்கு மேலே வீட்டுக்காரரின் சட்டை, இடுப்பில் கதிர் அருவாள். வயலிலிருந்து நேராக வந்திருந்தார்.

“ஏலே மைக்செட்டு, எம்புட்டு நேரம்லே பாட்டையே போடுவ? தண்ணியத் திறந்து விடு.”

“தண்ணி என் செட்டுல வராது மதினி.”

பஞ்சாயத்து கிளார்க் கையைத் தூக்கினார். “செத்த நேரம் பொறுங்க. அவிய கிளம்பியாச்சாம்.”

“மூணு மணியில இருந்து கிளம்பியாச்சுங்கீரு. எங்கன இருந்து கிளம்புனாவ, காசியில இருந்தா?”

நிழலில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அக்கா என் பக்கம் திரும்பினார்.

“நீ யாரு தாயி, நோட்டும் கையுமா?”

“பேப்பர்ல இருந்து வாரேன்க்கா.”

“அப்ப எழுதிக்கோ. உச்சிப் பொழுதுல இருந்து குடம் வெயில்ல காயுது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டா உருகி ஓடிரும். அதையும் எழுதிக்கோ.”

எழுதிக்கொண்டேன். என் உறை மதுரை போய்ச் சேர்ந்து ஒரு மணி நேரமாகியிருக்கும். அந்த உறைக்குள்ளே பெரிய மனிதர் வந்துவிட்டார், திறந்துவிட்டார், கரவொலியும் கேட்டுவிட்டது. இங்கே காகத்தைத் தவிர யாரும் வரவில்லை. வந்துவிடுங்கள் ஐயா, ஒரு ஐந்து நிமிடம் வந்துவிட்டுப் போய்விடுங்கள் என்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஊரில் அவருக்காக உண்மையிலேயே ஏங்கியது நான் ஒருத்திதான்.

ஐந்தரைக்கு அக்கா வால்வின் பக்கத்தில் போனார். இடுப்பிலிருந்து அருவாளை எடுத்தார். ரிப்பன் ஒரே இழுப்பில் விழுந்தது.

“ஏய், ஏய்! அது சட்டப்படி அவிய வந்து...”

“தாகம் சட்டப்படி எடுக்கல ஐயா,” என்று சொல்லிக்கொண்டே வால்வைத் திருகினார். அது அசையவில்லை. இன்னொரு பெண் வந்து பிடித்தார். இன்னொருவர். ஆறு கைகள். முதலில் குழாய் இருமியது. பிறகு செம்மண் நிறத்தில் கொஞ்சம் துப்பியது. பிறகு தெளிந்த தண்ணீர் வந்தது. சும்மா வரவில்லை, ஆறு குழாயிலும் ஒரே சமயத்தில், வரிசையைக் கலைத்துக் குடங்களைத் தட்டிவிட்டு, பந்தல் காலை நனைத்து, கிளார்க்கின் செருப்பை நனைத்து, என் நோட்டில் தெறித்து வந்தது. கைதட்டு கேட்டது. அந்த ஒன்றை மட்டும் நான் முன்கூட்டியே சரியாக எழுதியிருந்தேன்.

மைக்செட்காரருக்குக் குறும்பு பொறுக்கவில்லை. மைக்கை அக்காவிடம் நீட்டினார். “விழான்னா நன்றியுரை உண்டுல்லா மதினி?”

அக்கா முகத்தைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டார். “நன்றியா? போர் போட்ட லாரிக்கு நன்றி. குழாய் மாட்டுன பிள்ளைகளுக்கு நன்றி. வராதவியளுக்கும் நன்றி. வந்திருந்தா இன்னும் ரெண்டு மணி நேரம் பேசியிருப்பாவ.”

நான் ஆறு மாதமாக எத்தனையோ பேருக்கு நன்றி கூறினார் என்று எழுதியிருக்கிறேன். நன்றியில் என்ன கூறினார் என்று ஒரு தடவைகூட எனக்குத் தெரிந்ததில்லை.

பெயர் கேட்டேன். “எம் பேரப் போட்றாத தாயி. எல்லாரும்தான் திருகுனோம். பொம்பளைகன்னு போடு, போதும்.”

அங்கேயிருந்து சேத்தூர் மெயின் ரோட்டுக்கு மைக்செட்காரர் தன் மொபெட்டில் கொண்டுவந்து விட்டார். எஸ்டிடி பூத்தில் மதுரை ஆபீஸ் எண்ணை மூன்று முறை சுழற்றிய பிறகு ஒரு துணையாசிரியர் எடுத்தார். என்ன நடந்தது என்று சொன்னேன்.

“யார் திறந்ததுங்கிறீங்க?”

“பெண்கள் சார்.”

“எத்தனை பேர்?”

“நாற்பது குடம்.”

“நான் ஆள் கேக்குறேன்மா.”

“ஆள் எண்ணலை சார். குடம்தான் வரிசையில் நின்னுச்சு.”

அந்தப் பக்கம் ஒரு சின்ன சத்தம். சிரித்தாரா, செருமினாரா தெரியவில்லை. “சரி, சொல்லுங்க. எழுதிக்கிறேன்.”

முன்னால் அழைப்பிதழ் இல்லை. எந்த வினைச்சொல்லும் தயாராக இல்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே இரண்டு பேர் போனுக்குக் காத்திருந்தார்கள். வாயைத் திறந்தேன். ‘விருந்தினர் வரவில்லை. தண்ணீர் வந்தது’ என்று ஆரம்பித்து, அக்காவின் நன்றியுரையில் முடித்தேன். வைப்பதற்கு முன், பகலில் பஸ்ஸில் வந்த செய்தியை எடுத்துவிடச் சொன்னேன். “பாக்கிறேன், பாக்கிறேன்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவர் பார்க்கவில்லை. மறுநாள் காலை அண்ணாச்சி கடையில் பேப்பரைப் பிரித்தோம். மூன்றாம் பக்கத்தில் கட்டம் கட்டி, ‘விருந்தினர் வரவில்லை, தண்ணீர் வந்தது’. ஐந்தாம் பக்கத்தில் மாவட்டச் செய்திகளுக்கு நடுவே, ‘கரவொலிக்கிடையே தண்ணீரைத் திறந்து வைத்தார்’. இரண்டுக்கும் கீழே ‘நமது நிருபர்’.

அண்ணாச்சி இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “ஒரே தொட்டிய ஒரே நாள்ல ரெண்டு தடவ திறந்திருக்கியே தாயி!”

பத்து மணிக்கு ஒரு ஜீப் வந்தது. பெரிய மனிதரின் ஆட்கள். ஐந்தாம் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சந்தோஷமாக முப்பது பேப்பர் வாங்கிப் போனார்கள். பதினொன்றுக்கு அந்த ஊர் மைக்செட்காரர் வந்தார். மூன்றாம் பக்கம்தான் வேண்டும் என்று இருக்கிற மிச்சத்தை அள்ளிக்கொண்டு போனார். கடையில் அன்று பேப்பர் தீர்ந்துவிட்டது. அண்ணாச்சிக்குச் சிரிக்கவா, அழவா என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. கடைக்குப் பின்னால் போய் அழுதேன்.

மூன்றாம் நாள் ஆபீஸ் கடிதம். ‘ஒரே நிகழ்ச்சி குறித்துத் தாங்கள் அனுப்பிய இரு செய்திகளும் ஒன்றுக்கொன்று முரணாக உள்ளன. எழுத்து மூலம் உடனே விளக்கம் தரவும்.’ ஒண்ணாந்தேதிக்கு ஆறு நாள் இருந்தது. அப்பாவோ, டைம் ஆபீஸில் எனக்கு எந்த நாற்காலி என்று பார்த்துவிட்டே வந்துவிட்டார்.

அண்ணாச்சி வழி சொன்னார். “பஸ்ஸுல வந்தது பழைய கவர், மாறிப்போச்சுன்னு எழுதிரு. இல்ல, நான் அனுப்புனேன்னு என் தலையில போட்டுரு. எனக்கு இனிமே என்ன ஆகப்போகுது?”

நல்ல மனுஷன். அவர் சொன்னது போலவே ஒரு விளக்கம் எழுதினேன். அழகாக வந்தது. படித்தால் நானே நம்புவேன். அதுதான் சங்கடமாக இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு இன்னொன்று எழுதினேன்.

‘முதல் செய்தியை அழைப்பிதழைப் பார்த்து, நிகழ்ச்சிக்கு நான்கு மணி நேரம் முன்பு எழுதினேன். இரண்டாவதை, நிகழ்ச்சியைப் பார்த்த பிறகு சொன்னேன். இந்த மாதம் நான் இதற்கு முன் அனுப்பிய இருபத்தொரு செய்திகளும் முதல் வகையைச் சேர்ந்தவை.’

அண்ணாச்சி படித்தார். வியர்த்துவிட்டது. “கேட்டது ஒண்ணப் பத்தித்தான? அந்த இருபத்தொண்ணையும் எதுக்கு இழுக்க?”

“சேர்ந்து வந்துருச்சு அண்ணாச்சி.”

“அப்ப நான் இத்தன வருசமா அனுப்புனது?”

“அதை அவங்க கேக்கலையே.”

அவர் கொஞ்ச நேரம் பேப்பர் கட்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். பிறகு உறையை அவரே வாங்கி ஒட்டினார்.

அதற்குப் பிறகு ஐந்து நாள் காத்திருந்தேன். எழுதுவதற்குக் கை வரவில்லை. தபால்காரர் சைக்கிள் மணி தெருமுனையில் கேட்டால் அடுப்படிக்குள் போய்விடுவேன். அம்மா மில்லுக்குப் போட்டுக்கொண்டு போக ஒரு சேலைக்குக் கஞ்சி போட்டு வைத்தார். மாதக் கடைசி நாள், சேலை காய்ந்துகொண்டிருக்கும்போது கடிதம் வந்தது. அப்பாதான் பிரித்தார். தட்டச்சில் மூன்று வரி. விளக்கம் கிடைத்தது. இனி நிகழ்ச்சி முடிந்த பிறகே செய்தி அனுப்பவும், ஒரு நாள் தாமதமானாலும் பரவாயில்லை. இரண்டு புகைப்படம் அனுப்பி வைக்கவும்.

“போட்டோ எதுக்கு?” அப்பா முகம் இறுகிவிட்டது. “தப்புப் பண்ணுனவங்க போட்டோவ பேப்பர்ல போடுவாங்களோ?”

“நிருபர் அடையாள அட்டைக்குப்பா,” என்றேன்.

அப்பா கடிதத்தை இன்னொரு முறை படித்தார். மடித்தார். “மேனேஜர்ட்ட நான் என்ன சொல்ல?” என்று கேட்டார். பதில் எதிர்பார்த்துக் கேட்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, சொல்லிவிட்டு வரக் கிளம்பினார்.

பிறகு மதுரை வந்தது, செய்தி திருத்தும் டெஸ்க் வந்தது, சென்னை வந்தது, டெலிவிஷன் வந்தது. ஒரு வேலையில் கால் தரிக்காமல் அடுத்ததற்குத் தாவியிருக்கிறேன். எதிரே கேமரா, காதில் ஒரு குரல், ‘இன்னும் இரண்டு நிமிடத்தில் அறிவித்துவிடுவார், அறிவித்தார் என்றே சொல்லிவிடுங்கள், நாம்தான் முதலில்’ என்று அவசரப்படுத்தும். அறிவிக்கட்டும், சொல்கிறேன் என்பேன். இதனால் சில நல்ல நாற்காலிகள் எனக்குக் கிடைக்காமல் போயின. பெரிதாக வருத்தமில்லை.

ஆனால் வேலையின் முதல் நாள் என்று நான் கணக்கில் வைத்திருப்பது, அட்டை கைக்கு வந்த பிறகு கூமாப்பட்டிக்குப் போன நாளைத்தான். அங்கே ஒரு பள்ளி ஆண்டுவிழா. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறி, வத்திராயிருப்பில் காத்திருந்து, மலையடிவாரத்தில் போய் இறங்கினேன். முன் வரிசையில் உட்கார்ந்து குத்துவிளக்கிலிருந்து கடைசிவரை பார்த்தேன். தலைவர் தலைமை தாங்கினார். முன்னிலை வகித்தவர் முன்னிலை வகித்தார். பரிசு வாங்க வந்த குழந்தைகள் பெயர்வரிசை மாறாமல் வந்தன. அழைப்பிதழில் இருந்த ஒரு எழுத்துகூடப் பிசகாமல் எல்லாம் நடந்தது. இரவு பஸ்ஸில் தூங்கி வழிந்து வீடு வந்து, காலையில் எழுதி எடுத்துக்கொண்டு போய் அண்ணாச்சியிடம் நீட்டினேன்.

அவர் ஒரு கையில் என் தாளையும் இன்னொரு கையில் அழைப்பிதழையும் வைத்துக்கொண்டு, வரிக்கு வரி பார்த்தார்.

“ரெண்டும் ஒண்ணுதான தாயி? இதுக்கா இம்புட்டுத் தூரம் போயிட்டு வந்த?”

“ஆமா அண்ணாச்சி,” என்றேன்.